அவிழ்க்காமல் வந்த பட்டை

கூட வேலை பார்க்கிற ஜெபக்கனி ஆய்வகத்து இருட்டறையில் குரங்கின் இடது கையை நாற்காலிக் கைப்பிடியோடு சேர்த்துப் பட்டையால் சுற்றினாள். சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது, பிரித்து மறுபடி ஒட்டினாள். பட்டை பிரிகிற அந்தச் சர்ரென்ற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் சிவசைலத்துக்கு ஞாபகம் வந்தது. அப்பாவின் கையை அவிழ்க்கவில்லை. இல்லை, அவிழ்த்திருப்போம், அவிழ்க்காமல் எப்படி வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்திருப்போம், அவ்வளவு பெரிய மடையனா நாம் என்று காலையிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தான். அப்பாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனது இருந்தது. பல் தேய்த்துவிட்டது இருந்தது. இரண்டு இட்லி ஊட்டியது, மூன்றாவதற்கு அவர் வாயை மூடிக்கொண்டது, ஹாலில் ஜன்னல் பக்கத்து மர நாற்காலியில் உட்காரவைத்தது, நல்ல கையான இடது கைக்குத் துணியுறையை மாட்டிக் கைப்பிடியோடு பட்டை போட்டது, வராத வலது கைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்து எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்தது, எல்லாம் வரிசையாக இருந்தது. குளித்துவிட்டு வந்து அவிழ்க்கிறேன்பா என்று சொன்னதும் இருந்தது. குளித்துத் துவட்டும்போது போன் அடித்தது. சைலம், அருமையான செல் ஒண்ணு வந்து நிக்குது, சீக்கிரம் வா, போயிடப்போவுது என்றாள் ஜெபக்கனி. அதற்கப்புறம் சட்டை, வண்டிச் சாவி, பூட்டு. நடுவில் அவிழ்த்தது மட்டும் எங்கேயும் இல்லை. எத்தனை தடவை ஓட்டினாலும் அந்த இடம் வெறுமையாகத்தான் வந்தது. என்னா முழிக்கிறே, உக்காரு என்றாள் ஜெபக்கனி. அவன் உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததுதான் தப்பு. அப்போதே எழுந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் ஒலிபெருக்கியில் அந்தச் செல் படபடத்துக்கொண்டிருந்தது, அதைக் கேட்டுவிட்டு எழுந்து போக அவனுக்கு மனசு வரவில்லை, உண்மையைச் சொல்வதில் என்ன இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய கம்பியின் முனை குரங்கின் மூளைக்குள் ஒரே ஒரு செல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, அந்தச் செல் துடிக்கும்போதெல்லாம் அறையில் பொரி பொரிகிற மாதிரிச் சத்தம் கேட்கிறது. குரங்குக்கு ஜாங்கிரி என்று பெயர். யாரோ பழைய ஆராய்ச்சி மாணவன் வைத்துவிட்டுப் போன பெயர். ஜாங்கிரி எதிரே இருக்கிற திரையில் நடுப்புள்ளியைத் தொட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். சுற்றி எங்கேயாவது ஒரு விளக்கு எரியும். உடனே கையை நீட்டக்கூடாது. நடுப்புள்ளி அணைந்த பிறகுதான் நீட்டி விளக்கைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் வாய்க்குப் பக்கத்துக் குழாயில் ஒரு மிடறு மாதுளை ஜூஸ். இந்தச் செல்லுக்கு இடது பக்க மேல்மூலைதான் பிடித்தமான இடம். விளக்கு அங்கே எரிந்தால் போதும், கை இன்னும் அசையவே இல்லை, விரல்கூட ஆடவில்லை, அதற்குள் இது பொரிய ஆரம்பித்துவிடும். கை போக நினைக்கிற இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிற செல். இப்படி ஒன்று கிடைத்து எத்தனை மாதமாயிற்று. அனுப்பிய கட்டுரையை இன்னும் கொஞ்சம் செல்கள் காட்டு என்று திருப்பிவிட்டார்கள். புரொபசர் பார்க்கும்போதெல்லாம் என்னாச்சு என்கிறார். இது இன்றைக்கு நிற்கும், நாளைக்கு நிற்காது. குரங்கு இருமினால் போய்விடும். ஒரு சுற்று மட்டும் பதிந்துகொள்வோம், இடது பக்கத்து நான்கு விளக்குகளை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம், அப்பா சும்மாத்தானே உட்கார்ந்திருக்கிறார், வழக்கமாக அரை மணி நேரம் கட்டுவோம், இன்றைக்குக் கொஞ்சம் கூட. கொஞ்சம் கூட என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டபோது அவனுக்கே நாக்கு கூசியது.

அப்பா ஆவுடையப்பன், திருநெல்வேலி டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கை இருந்ததே, அது ஒரு கை. காலேஜ் நேரத்துக் கூட்டத்தில் அவர் ஒரு ஆளாக உள்ளே நுழைய முடியாது, கையை மட்டும் அனுப்பிவைப்பார். தலைகளுக்கு மேலே, தோள்களுக்கு நடுவே அந்த வலது கை போகும். முகம் இந்தப் பக்கம் படிக்கட்டில் தொங்குகிறவனை வைதுகொண்டிருக்கும், கை அந்தப் பக்கம் எவளோ ஒரு அம்மாளின் நீட்டிய காசை அடையாளம் கண்டு வாங்கிக்கொண்டு, டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வரும். கண்ணே வேண்டாம் அந்தக் கைக்கு. சின்ன வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு போவான். பிற்பாடு கையை நீட்டுவதைப் பற்றியே படிக்கப் போனதற்கு அதுதான் காரணமா என்று ஒரு பேட்டியில் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பான், கேட்க யாரும் வரவில்லை. அந்தக் கைதான் போனது. போன வருஷம் ஐப்பசி மழையில் விளக்கைப் போடக் கையைத் தூக்கியவர், தூக்கிய கை வழியிலேயே இறங்கிவிட, சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஊரிலிருந்து ஆம்புலன்ஸிலேயே சென்னைக்குக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி டாக்டர் காட்டியபோது இவன் என்ன செய்தான். அழுதானா. இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தான். மூளையின் இடது பக்கம் உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், எந்த இடத்தில் ஜாங்கிரிக்குக் கம்பி இறக்குகிறார்களோ ஏறக்குறைய அதே இடத்தில், சாம்பல் பூத்த மாதிரி ஒரு திட்டு. அட, நம்ம இடம் என்று தோன்றியது. தோன்றியது மட்டுமா, ஒரு சந்தோஷம் வந்தது. தெரிந்த தெருவை வெளியூரில் பார்த்த மாதிரி. டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார், கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார், அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் இருட்டறைக்குள் காது சூடாகிறது. விளக்கு இடது மேல்மூலையில் எரிந்தது, செல் பொரிந்தது, ஜாங்கிரி கையை நீட்டித் தொட்டு ஜூஸை உறிஞ்சியது. கேட்டியா, கேட்டியா என்றாள் ஜெபக்கனி. கேட்டேன் என்றான்.

ஊரில் எல்லாருக்கும் அவன் மூளை டாக்டர். அவன் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினவன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்க வேண்டும், முதல் தடவை சொல்லாமல் விட்டதில் அப்புறம் சொல்வதற்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அப்பாவும் சொல்லவில்லை. எம்மவன் மூளையில வேலை பாக்கான் என்று அவர் சொல்கிற அழகுக்காகவே விட்டுவைத்தான். கை போன பிறகு, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் உனக்கென்ன ஓய், மவனே இருக்கானே என்று அவருக்குத் தைரியம் சொன்னார்கள். அவர் அந்தக் கோணிப்போன வாயோடு இவனைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்த வைத்தியம். புதிதாக அவன் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை, நல்ல கையைக் கட்டிப்போட்டால் கெட்ட கை வேறு வழியில்லாமல் வேலை செய்யப் பழகும் என்பது குரங்குகளிடம் பார்த்து மனுஷர்களுக்கு வந்த முறைதான், உலகத்தில் பல இடங்களில் செய்கிறார்கள். ஆனால் கெட்ட கையில் கொஞ்சமாவது அசைவு இருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிப் பெண் தெளிவாகச் சொன்னாள். சார், இவருக்கு விரல் கொஞ்சமாச்சும் திறக்கணும், அதுவரைக்கும் கட்டாதீங்க, மனசு விட்டுப்போயிடும் என்றாள். இவனுக்குச் சுருக்கென்றது. எனக்கே சொல்கிறாளா என்று நினைத்தான். சரிம்மா என்று சொல்லிவிட்டு, அவள் போன மறுநாள் ஆய்வகத்து அலமாரியில் உபரியாகக் கிடந்த பட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். அதுதான் இதில் கேவலமான பகுதி. கடையில் கிடைக்காதா என்ன. கை வாட்டத்தில் கிடந்தது, எடுத்துக்கொண்டான். குரங்குக்குப் போடுகிற பட்டை. அப்பாவின் மணிக்கட்டு இளைத்திருந்ததால் கச்சிதமாகப் பொருந்தியது. அப்பா அதைப் பார்த்து இது என்னலே புதுசா என்றார். வைத்தியம்பா என்றான். அவர் மறுபேச்சில்லாமல் கையை நீட்டிக் கொடுத்தார்.

ஒரு சுற்று முடிந்தது. கிளம்பியிருக்கலாம். ஜெபக்கனி, எனக்கு வீட்டுக்குப் போகணும், அப்பாவுக்கு ஒண்ணு செய்ய மறந்துட்டேன் என்று சொன்னால் அவள் போ போ என்று தள்ளிவிடுகிற பெண்தான், அவளுக்கும் மாமியார் படுக்கையில் கிடக்கிறார். ஆனால் என்ன மறந்தே என்று கேட்பாள். மாத்திரை என்று சொல்லலாம். மாத்திரைக்கு மேல்வீட்டு மெஹருன்னிசா அக்காவுக்குப் போன் போட்டாலே போதுமே, சாவிதான் அவங்ககிட்ட இருக்கே என்பாள், அவளுக்கு எல்லாம் தெரியும், எல்லாவற்றையும் இவனே சொல்லித் தொலைத்திருக்கிறான். ஆமாம், மெஹர் அக்கா. வீட்டுக்காரம்மா. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண் இன்றைக்கு லீவு, அதனால் மதியத் தொழுகை முடித்துவிட்டு வந்து ஐயாவுக்குச் சோறு ஊட்டிடறேன் தம்பி என்று நேற்றே சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு போன். அக்கா, கீழே போய் அப்பா கையில் இருக்கிற பட்டையைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுங்க. எத்தனை வார்த்தை அது. போன் வெளியே தட்டில் கிடக்கிறது, உள்ளே கொண்டுவந்தால் பதிவில் இரைச்சல் விழும். எழுந்து கதவைத் திறந்து நான்கு எட்டு வைக்க வேண்டும். அக்கா போவாள். பூட்டைத் திறப்பாள். நாற்காலியோடு கட்டிப்போட்ட ஒரு கிழவரைப் பார்ப்பாள். பெற்ற அப்பனைக் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்பாள். சொல்ல மாட்டாள், நல்லவள், ஆனால் நினைப்பாள், அவள் வீட்டுக்காரரிடம் சொல்வாள், அவர் படிக்கட்டில் எதிர்ப்படும்போது வழக்கம்போல வணக்கம் சார் என்பார், அந்த வணக்கத்தில் எல்லாம் இருக்கும். அதைவிட மதியத் தொழுகைக்கு முன்னால் நாமே போய்ச் சேர்ந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் அவிழ்த்துவிடலாம். இந்த யோசனை வந்ததும் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மூச்சு வந்த பிறகுதான், நாம் கணக்குப் போடுவது அப்பாவின் தாகத்துக்கு இல்லை, மெஹர் அக்காவின் தொழுகைக்கு என்பது உறைத்தது. உறைத்தும் அவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த சுற்று ஆரம்பிக்கட்டுமா என்றாள் ஜெபக்கனி. ம் என்றான்.

இப்போது விளக்கு பாதியில் இடம் மாறுகிற சுற்று. இதுதான் அவனுடைய சொந்தச் சரக்கு, கட்டுரையே இதைப் பற்றித்தான். ஜாங்கிரி ஒரு விளக்கைப் பார்த்துக் கையை நீட்டும், கை வழியில் இருக்கும்போதே அது அணைந்து வேறு மூலையில் எரியும். கை ஒரு வளைவு வளைந்து புது இடத்துக்குப் போகும். கை வளைவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னாலேயே செல் மாறிவிடுகிறது, வழியில் போகிற கையைத் திருப்பிவிடுகிறது. வலது கீழே போய்க்கொண்டிருந்த கை, விளக்கு இடது மேலே தாவியதும், செல் பொரிந்தது, கை திரும்பியது, தொட்டது, ஜூஸ் சொட்டியது. எவ்வளவு லேசாகத் திரும்புகிறது பார், சே, ஒரு குரங்கு. நாம் எத்தனை தடவை எழுந்திருக்க நினைத்தோம், நினைத்தபோதெல்லாம் நம் மண்டைக்குள்ளும் ஏதோ பொரிந்துதான் இருக்கும், கதவுப் பக்கம், போன் பக்கம். உடம்பு அசையவில்லை. அப்பாவுக்கு இந்நேரம் தாகம் எடுத்திருக்கும். இட்லிக்கு மிளகாய்ப்பொடி கேட்டார், கொஞ்சம் அதிகமாகவே வைத்தான். டம்ளர் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு சாண்கூட இல்லை, வலது கைக்கு அந்த ஒரு சாண் எந்தக் காலத்துக்கும் எட்டாது. ஜாங்கிரிக்கும் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் கிடையாது, தாகம் இருந்தால்தான் வேலை செய்யும், அதற்கு விதி இருக்கிறது, எடை பார்க்கிறார்கள், குறைந்தால் நிறுத்திவிடுவார்கள், கமிட்டி கையெழுத்துப் போட்டிருக்கிறது. அப்பாவுக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள். தாகமாவது பரவாயில்லை. அவருக்கு ஒன்றுக்கு வருமே. இட்லி தின்ற கொஞ்ச நேரத்தில் வந்துவிடும், பாட்டில் நாற்காலிக்குக் கீழேதான் இருக்கிறது, இடது கையால் எடுத்து அவரே சமாளித்துக்கொள்வார், அது ஒன்றுதான் யார் உதவியும் இல்லாமல் அவர் செய்கிற காரியம், அதில் அவருக்கு ஒரு பெருமைகூட உண்டு. அந்தக் கைதான் கட்டிக்கிடக்கிறது. கூப்பிடுவார். அவர் குரல் இப்போது பக்கத்து அறைக்கே எட்டுவதில்லை, மேல்மாடிக்கு எங்கே போகும். ஒரு காலத்தில் பஸ்ஸின் பின்படிக்கட்டிலிருந்து டிரைவருக்குக் கேட்கிற குரல். முதலில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குளிக்கப் போனவன் வருவான் என்று பார்த்திருப்பார். பூட்டுகிற சத்தம் கேட்டபோது கூப்பிட்டிருப்பாரோ. கூப்பிட்டிருப்பார். எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லையா, கேட்டதா. இப்போது நினைத்துப் பார்த்தால் ஏதோ ஒரு சத்தம் கேட்ட மாதிரியும் இருக்கிறது. டிவி என்று நினைத்தோமோ. டிவி போடவில்லையே. அவன் உள்ளங்கை வியர்த்துப் பேனா வழுக்கியது. சைலம், உடம்புக்கு என்னா என்றாள் ஜெபக்கனி. ஒண்ணுமில்லை, ஏசி ஜாஸ்தியா இருக்கு என்றான், வியர்த்த கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு. அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். இப்போது சொன்னால் இன்னும் மோசம். ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் மறதி. மறதிக்கு யாரும் தூக்கில் போட மாட்டார்கள். இவ்வளவு நேரம் தெரிந்தும் உட்கார்ந்திருந்தாயா என்று கேட்டால் அதற்கு என்ன பெயர். உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் சொல்ல முடியாததாகக் கூடிக்கொண்டே போகிறது, கூடக்கூட உட்கார்ந்தே இருக்க வேண்டியிருக்கிறது. நல்ல பொறியில்தான் மாட்டிக்கொண்டான், வைத்தவனும் அவன்தான். அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை.

அப்புறம் ஜாங்கிரி வேலையை நிறுத்திவிட்டது. விளக்கு எரிந்தது, கையை நீட்டவில்லை. மறுபடி எரிந்தது. அது திரையைப் பார்க்காமல் தன்னுடைய கட்டின கையையே பார்க்க முயன்றது, தலையைச் சட்டத்தில் பொருத்தியிருப்பதால் அசைக்க முடியாதே, கண்ணை மட்டும் கீழே ஓட்டியது. பிறகு ஒரு உதறு உதறியது. ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு இரைச்சல், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஐயோ போச்சு என்றாள் ஜெபக்கனி. கம்பியை இம்மி இம்மியாக மேலே ஏற்றிப் பார்த்தாள், கீழே இறக்கிப் பார்த்தாள். செல் இல்லை. அவ்வளவுதான், அது எங்கே போயிற்று என்று யாராலும் தேட முடியாது, நின்ற இடத்திலேயேதான் இருக்கும், நமக்குக் கேட்காது. சிவசைலம் உடனே எழுந்தான். அந்த வேகத்தைப் பார்த்து அவளே திகைத்துவிட்டாள். அப்பாவைப் பாக்கணும், நான் வாரேன் என்றான். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது வாயில். காலையிலிருந்து தொண்டையில் சிக்கிக்கிடந்த வார்த்தை, செல் போன மறு நிமிஷம் தானாக வந்து விழுகிறது. அப்படியானால் தடுத்தது மெஹர் அக்கா இல்லை, மானம் இல்லை, ஜெபக்கனி கேட்கப்போகிற கேள்வியும் இல்லை. அந்தப் பொரிகிற சத்தம்தான். அது ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னமும் உட்கார்ந்திருப்போம், சாயங்காலம் வரைக்கும்கூட. இதை நினைத்தபோது அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது, நடந்துகொண்டே நினைத்தான், அதற்காக நிற்கவில்லை. வெளியே தட்டிலிருந்து போனை எடுத்தான். மெஹர் அக்காவிடமிருந்து அழைப்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக. திருப்பிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கேட்க வேண்டிவரும். வண்டியை எடுத்தான். வேளச்சேரிப் பாலத்தில் ஏறி இறங்கியது, சிக்னலில் நின்றது, மடிப்பாக்கம் திருப்பத்தில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது எதுவும் ஒழுங்காக மனசில் இல்லை. லாரியின் பின்குழாயிலிருந்து வழியெல்லாம் தண்ணீர் கொட்டிக்கொண்டே போனது, அதை மட்டும் பார்த்துக்கொண்டே போனான். அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால். ஆகியிருந்தால் என்பதற்கு அந்தப் பக்கம் மனசு போகவே மாட்டேன் என்றது. பாதி தூரம் போவதும், திரும்பி வந்து மெஹர் அக்காவின் முகத்தில் முட்டிக்கொள்வதுமாக இருந்தது.

அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"போன் எடுக்கவே இல்லையே தம்பி."

"வேலையா இருந்தேன்க்கா. அப்பா..."

"இருக்காரு, இருக்காரு, பதறாதீங்க. மீன் பொரிச்சேன், சூடா ஒரு துண்டு குடுக்கலாமேன்னு சீக்கிரமே இறங்கினேன். கதவத் தொறந்தா, உள்ள வராதேன்னு தலைய ஆட்டுறாரு. கையக் கட்டியிருக்கே, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. அப்புறம் மெதுவா ஒவ்வொரு வார்த்தையா சொன்னாரு. ஏதோ மூளை வைத்தியமாமே. நீங்கதான் கட்டிவிட்டுப் போனீங்களாமே. நீங்க வர்ற வரைக்கும் யாரும் கிட்டயே வரக்கூடாது, தண்ணிகூட அந்தக் கையால அவரே எடுத்துக் குடிச்சாதான் பலிக்கும், வேற யாரும் குடுத்தா எல்லாம் வீணாயிடும்னு சொன்னாரு. எனக்கு மனசு கேக்கலை. வைத்தியத்தக் கெடுத்துட்டேன்னு ஆகிடக்கூடாதுல்ல. அதான் வாசப்படியத் தாண்டாம இங்கயே உக்காந்துட்டேன். அப்படித்தானே தம்பி?"

உள்ளேயிருந்து மின்விசிறியின் சத்தம் மட்டும் வந்தது. சொல்லிவிடு என்று ஒன்று அவனுக்குள் சொன்னது. அக்கா பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த முகத்தில் சந்தேகம் ஒரு துளி இல்லை, மரியாதைதான் இருந்தது.

"ஆமாக்கா" என்றான்.

"உங்களுக்கும் எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும், பெத்தவருக்கு இப்படிச் செய்ய. இந்தக் காலத்துல யாரு செய்யிறா. அல்லா கைய நல்லபடியாக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அவள் செருப்புச் சத்தம் மேலே போய் அடங்கும்வரை அவன் வாசலிலேயே நின்றான்.

உள்ளே போனதும் வாடை தெரிந்தது. அப்பா ஜன்னல் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லுங்கி தொடைவரை நனைந்து, நாற்காலிக் கால் வழியாக இறங்கி, தரையில் தேங்கி, பாதி காய்ந்தும் காயாமலும் கிடந்தது. உதடு வெளுத்து வெடித்திருந்தது. ஸ்டூலில் டம்ளர் வைத்தது வைத்தபடி, நிறைய இருந்தது. அவன் அந்த ஈரத்திலேயே முட்டி போட்டு உட்கார்ந்து பட்டையைப் பிரித்தான். மணிக்கட்டு சிவந்து தடித்திருந்தது. உறையைக் கழற்றியதும் அப்பா விரல்களை மெதுவாக விரித்து மடக்கிப் பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்துக் கடகடவென்று குடித்தார், கோணின வாய் வழியாகப் பாதி நெஞ்சில் வழிந்தது. அவன் உள்ளே ஓடி இன்னொரு டம்ளர் கொண்டுவந்தான். அதையும் குடித்தார்.

"அந்தப் பிள்ள போயிட்டாளா?" என்றார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன, அவனுக்குப் பழக்கம்.

"போயிட்டாங்கப்பா."

"பாக்கல. உள்ள விடல நான்." லுங்கியைக் கண்ணால் காட்டினார்.

"அப்பா, நான் மறந்துட்டேம்ப்பா."

"தெரியும்லே."

"தெரிஞ்சுமாப்பா தண்ணிகூடக் குடிக்காம..."

"பொறவு என்னத்தச் சொல்லச் சொல்லுத. எம்மவன் கட்டிப்போட்டுட்டு மறந்து போயிட்டாம்னா? தண்ணிய வாங்கிக் குடிச்சிட்டு வைத்தியம்னா நம்புவாளா அவ?" மூச்சு வாங்கியது அவருக்கு. அவ்வளவு பேசி வெகுநாள் ஆகியிருந்தது. அவர் இடது கை வந்து அவன் தலையில் படிந்தது. வண்டியில் வந்த வேகத்தில் அவன் முடி கலைந்து, சட்டையெல்லாம் வியர்வை. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மறதி ஆருக்கும் வாரதுதான். நெனவு வந்ததும் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்திட்டயில்லா. அது போதும்லே எனக்கு."

சிவசைலம் தரையைப் பார்த்தான். தலைமேல் இருந்த கை எடுபடவில்லை.

"ஆமாப்பா" என்றான்.